அமாக்ஸிசிலின் அலர்ஜியை ரத்தத்தில் பார்த்துவிட முடியுமா?

கேள்வி: அம்மாவுக்கு 62 வயது. பதினைந்து வருடத்துக்கு முன்பு கடைவாய்ப் பல் பிடுங்கியபோது கொடுத்த மாத்திரையில் மறுநாள் உடம்பெல்லாம் தடித்துவிட்டது. அன்றிலிருந்து எந்த மருத்துவமனைக்குப் போனாலும் ‘அமாக்ஸிசிலின் அலர்ஜி’ என்று சொல்லிவிடுகிறோம். அடுத்த மாதம் முழங்கால் மூட்டு மாற்று அறுவை. மருந்து அலர்ஜிக்கென்றே ஒரு ரத்தப் பரிசோதனைப் பேனல் இருக்கிறதாம், இருபதுக்கும் மேற்பட்ட மருந்துகளை ஒரே ரத்தத்தில் பார்த்துவிடலாமாம். எடுக்கலாமா?

பதில்:

வேண்டாம். அந்தப் பணத்தை ஓர் அலர்ஜி மருத்துவரைப் பார்ப்பதற்குச் செலவழியுங்கள். லேபில் உட்கார்ந்து இந்த மாதிரி ரிப்போர்ட்டுகளில் கையெழுத்துப் போடுகிற ஆள் நான். சொந்தக் கடைச் சரக்கையே குறை சொல்கிறான் என்று நினைத்தாலும் பரவாயில்லை. ஆனால் ஏன் வேண்டாம் என்பது தெரிந்தால்தான், நாளைக்கு வேறு யாராவது “எடுத்துப் பார்த்தால் என்ன தப்பு?” என்று கேட்கும்போது பதில் சொல்ல முடியும்.

அமாக்ஸிசிலின் பென்சிலின் வகை மருந்து. பென்சிலின் மூலக்கூறு மிகச் சின்னது. தனியாக வந்தால் நம் எதிர்ப்பு மண்டலம் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது. ரத்தத்தில் போனதும் அதன் பீட்டா-லாக்டம் வளையம் உடைந்து, ஆல்புமின் போன்ற புரதங்களில் போய் ஒட்டிக்கொள்கிறது. ஒட்டிய பிறகுதான் அது வேற்றாள் மாதிரி கண்ணில் படுகிறது. அப்படி ஒட்டுவதில் பெரும்பகுதி ‘பென்சிலாயில்’ என்ற ஒரே வடிவம். மிச்சமுள்ள சில்லறை வடிவங்களுக்கு ‘மைனர்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். அளவில்தான் அவை மைனர். உயிருக்கு ஆபத்தான உடனடி எதிர்வினைகளில் அவற்றுக்குப் பெரிய பங்கு உண்டு. அமாக்ஸிசிலினில் இன்னொரு சிக்கல்: பலருக்கு வளையத்தின் மீது கோபமே கிடையாது, பக்கத்தில் தொங்கும் பக்கச் சங்கிலி மீதுதான் கோபம்.

உடனடி அலர்ஜிக்குக் காரணமான எதிர்ப்புப் புரதம் (ஆன்டிபாடி) ஐஜிஇ. 1960களின் நடுவில் அமெரிக்காவில் இஷிசாகா தம்பதியும், ஸ்வீடனில் யோஹான்சன், பென்னிஷ் இருவரும் தனித்தனியாகக் கண்டுபிடித்தார்கள். 1968-ல் உலக சுகாதார நிறுவனம் அதற்கு இந்தப் பெயரை உறுதி செய்தது. அதற்கு முந்தைய வருடமே ஸ்வீடன்காரர்கள் அதை ரத்தத்தில் அளக்கவும் ஒரு வழி கண்டுவிட்டார்கள். இன்று லேபில் நாங்கள் செய்வதும் அடிப்படையில் அதேதான். செல்லுலோஸ் பஞ்சு மாதிரியான ஒன்றில் பென்சிலாயிலை ஒட்டி வைத்திருப்பார்கள். அதில் நோயாளியின் சீரத்தை (ரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதி) ஊற்றினால், அந்த மருந்துக்கென்று ஐஜிஇ இருந்தால் பிடித்துக்கொள்ளும். மிச்சத்தைக் கழுவிவிட்டு, பிடித்துக்கொண்டது எவ்வளவு என்று ஒளிரவைத்து அளப்பது. 0.35-க்கு மேல் வந்தால் வழக்கமாக பாசிட்டிவ் என்று எழுதுவோம்.

இதில் எத்தனை ஓட்டை என்று பாருங்கள். பஞ்சில் ஒட்டியிருப்பது ஒரு வடிவம். உங்கள் அம்மாவின் உடம்பு கோபித்துக்கொண்டது வேறொரு வடிவத்தின் மீது என்றால் ரிப்போர்ட் நெகட்டிவ். ஐஜிஇ பெரும்பாலும் தோலிலும் திசுக்களிலும் உள்ள, அலர்ஜிப் பொருட்களைக் கொட்டுகிற மாஸ்ட் செல்களின் மேல் உட்கார்ந்திருக்கும். ரத்தத்தில் சுற்றுவது கொஞ்சம்தான், அதுவும் இரண்டு மூன்று நாளில் பாதியாகிவிடும். அதற்கு மேல் காலம் வேறு. பென்சிலின் அலர்ஜி உண்மையிலேயே இருந்தவர்களில்கூட, மருந்தைத் தொடாமல் பத்து வருடம் போனால் சுமார் 80 சதவீதம் பேருக்குத் தோல் பரிசோதனை நெகட்டிவ் ஆகிவிடுகிறது. ரத்தத்திலிருந்து அது இன்னும் சீக்கிரம் மறையும். பதினைந்து வருடம் கழித்து அம்மாவின் ரத்தத்தில் தேடுவது, போன வருட மழைக்கு இன்று தெருவில் ஈரம் இருக்கிறதா என்று பார்ப்பது மாதிரி.

அதனால் இந்தப் பரிசோதனையின் கண்டுபிடிக்கும் திறன், ஆய்வுக்கு ஆய்வு மாறினாலும், பெரும்பாலும் பாதிக்கும் கீழேதான். பொய்யாக பாசிட்டிவ் காட்டுவது குறைவு. “அப்படியென்றால் பாசிட்டிவ் வந்தால் நம்பலாமே?” என்று கேட்பீர்கள். இங்கேதான் ஒரு சின்னக் கணக்குப் போட வேண்டும்.

உங்கள் அம்மா மாதிரி ‘எப்போதோ தடித்தது’ என்ற கதையோடு 1000 பேர் வருகிறார்கள் என்று வையுங்கள். முறையாகச் சோதித்துப் பார்த்தால், பென்சிலின் அலர்ஜி என்று முத்திரை விழுந்தவர்களில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் அந்த மருந்தைத் தாங்குகிறார்கள் என்பது பல நாடுகளில் திரும்பத் திரும்பக் கண்ட விஷயம். கணக்குக்காக 50 பேருக்கு உண்மையிலேயே அலர்ஜி என்போம். பரிசோதனை அவர்களில் 40 சதவீதத்தைப் பிடிக்கிறது: 20 பேர். தப்பியவர்கள் 30. அலர்ஜி இல்லாத 950 பேரில் 5 சதவீதத்துக்கு மட்டும் தவறாக பாசிட்டிவ் என்றாலும் 47, 48 பேர் ஆகிறது. ஆக பாசிட்டிவ் ரிப்போர்ட் கையில் வைத்திருக்கும் 67 பேரில் உண்மையான அலர்ஜிக்காரர் 20 பேர்தான். நெகட்டிவ் வாங்கிச் சந்தோஷமாக வீட்டுக்குப் போன 930 சொச்சம் பேரில் 30 பேருக்கு அலர்ஜி இருக்கிறது. பரிசோதனைக்கு முன்னால் 100-க்கு 5 என்றிருந்த சந்தேகம், நெகட்டிவ் வந்த பிறகு 100-க்கு 3. இதற்கு ஊசி குத்திக்கொள்ள வேண்டுமா என்ன?

நம் ஊருக்கு இன்னொரு தொல்லை சேர்கிறது. குடல் புழு, யானைக்கால் கிருமி, ஆஸ்துமா, கரப்பான் (எக்ஸிமா) என்று பல காரணங்களால் மொத்த ஐஜிஇ அளவே ஏறிக்கிடக்கும் ஆட்கள் இங்கே நிறைய. மொத்தம் இரண்டாயிரம், மூவாயிரம் என்று இருக்கிற சீரத்தை ஊற்றினால், சம்பந்தமே இல்லாத ஐஜிஇயும் கொஞ்சம் பஞ்சில் ஒட்டிக்கொள்ளும். ரிப்போர்ட்டில் 0.5 என்று வரும். பக்கத்தில் நட்சத்திரக் குறியும் போட்டிருக்கும். மொத்த ஐஜிஇ எவ்வளவு என்று தெரியாமல் அந்த 0.5-ஐ வைத்து ஒரு முடிவுக்கும் வரக்கூடாது. பல பேனல்களில் இந்த எண்ணைத் தருவதே இல்லை.

அடுத்து, அந்த இருபதுக்கும் மேற்பட்ட மருந்துகள். ஆன்டிபயாட்டிக்குகளில் ஓரளவாவது சோதித்து நிலைநாட்டப்பட்ட ஐஜிஇ பரிசோதனைகளை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். மேலே சொன்ன பஞ்சு முறையான இம்யூனோகேப்பில் சி1, சி2 என்பவை பென்சிலின் ஜி, பென்சிலின் வி, சி5 ஆம்பிசிலின், சி6 அமாக்ஸிசிலின், சி7 செஃபாக்ளார். அவ்வளவுதான் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அசித்ரோமைசின், சிப்ரோஃப்ளாக்சசின், மெட்ரோனிடசோல், டாக்ஸிசைக்ளின் என்று பட்டியல் நீண்டுகொண்டே போனால், ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஓர் எண் அச்சாகியிருக்கும், அந்த எண்ணுக்குப் பின்னால் நம்பும்படியான சான்று இருக்காது. ஐஜிஜி என்ற வேறு வகை ஆன்டிபாடியை அளந்து மருந்து அலர்ஜி சொல்கிறோம் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

சிப்ரோஃப்ளாக்சசின், வான்கோமைசின் இரண்டையும் தனியாகச் சொல்ல வேண்டும். இவை ஐஜிஇ இல்லாமலே மாஸ்ட் செல்லைத் தட்டித் திறந்துவிடக் கூடியவை. அந்தச் செல்லின் மேலுள்ள எம்ஆர்ஜிபிஆர்எக்ஸ்2 என்ற ஏற்பியில் சிப்ரோ வகை மருந்துகள் நேரடியாகப் போய் உட்காருகின்றன என்று 2015-ல் தெரியவந்தது; வான்கோமைசினுக்கும் அதே வாசல்தான் என்று பின்னால் தெரிந்தது. முதல் தடவை போடும்போதே, முன்பின் பழக்கம் எதுவும் இல்லாமலே, அரிப்பும் சிவப்பும் வருவது இதனால்தான். இங்கே ரத்தத்தில் ஐஜிஇ தேடினால் எங்கிருந்து கிடைக்கும்?

சரி, இந்தப் பரிசோதனைக்கு ஒரு உபயோகமும் இல்லையா? இருக்கிறது. போன மாதம் ஒருவருக்கு அமாக்ஸிசிலின் போட்ட பத்து நிமிடத்தில் மூச்சு இறைத்து ரத்த அழுத்தம் விழுந்திருக்கிறது என்றால், அவருக்குத் தோலில் குத்திப் பார்ப்பதிலேயே சின்ன ஆபத்து உண்டு. அப்படிப்பட்டவருக்கு முதலில் ரத்தம் எடுத்து, சி6 தெளிவாக பாசிட்டிவ் என்று வந்தால் அதோடு நிறுத்திக்கொள்ளலாம். தோல் முழுக்கக் கரப்பான் உள்ளவர்கள், அரிப்பு மாத்திரையை நிறுத்த முடியாதவர்கள் ஆகியோருக்கும் இது கைகொடுக்கும்; செட்ரிசின் சாப்பிட்டால் தோல் பரிசோதனை கெடும், ரத்தப் பரிசோதனை கெடாது. கதை பலமாகவும் புதிதாகவும் இருந்தால் ரிப்போர்ட் அதற்கு முட்டுக்கொடுக்கும். கதை இல்லாத இடத்தில் ரிப்போர்ட் தானாகக் கதை கட்டினால்தான் வம்பு.

வேறு சில ரத்தப் பரிசோதனைகளும் இருக்கின்றன. உயிருள்ள பேசோஃபில் செல்களில் (ஒரு வகை வெள்ளை அணு) மருந்தைக் கலந்து, அவை விழித்துக்கொள்கின்றனவா என்று சிடி63 என்ற குறியை வைத்துப் பார்ப்பது ஒன்று. ரத்தம் எடுத்த 24 மணி நேரத்துக்குள் செய்தாக வேண்டும். சிலரின் பேசோஃபில்கள் எதைப் போட்டாலும் அசையாது. ஆராய்ச்சிக் கூடங்களுக்கு அது நல்ல கருவி, தெருமுனை லேபுக்கு இல்லை. சில நாட்கள் கழித்து வரும் எதிர்வினைகளுக்கு ஐஜிஇ காரணமே இல்லை, டி செல்கள்தான் காரணம். அதற்கு, டி செல்கள் அடங்கிய லிம்ஃபோசைட்டு வெள்ளை அணுக்களை மருந்தோடு ஒரு வாரம் போல வளர்த்து, பெருகுகின்றனவா என்று பார்க்கும் முறை உண்டு. அதையும் உலகில் மிகச் சில இடங்களில்தான் ஒழுங்காகச் செய்கிறார்கள்.

முன்கூட்டியே எச்சரிக்கிற ரத்தப் பரிசோதனை ஒன்றைச் சொல்லலாம். தொழுநோய்க்குக் கொடுக்கும் டாப்சோன் மாத்திரையில் சிலருக்கு நாலைந்து வாரத்தில் காய்ச்சல், தடிப்பு, ஈரல் வீக்கம் என்று பெரிய ஆபத்து வரும். எச்எல்ஏ-பி*13:01 என்ற மரபணு வகை உள்ளவர்களுக்கே பெரும்பாலும் இது வருகிறது என்று 2013-ல் சீன ஆய்வாளர்கள் காட்டினார்கள். இந்தியர்களில் இது இனத்துக்கு இனம் மாறி 1 முதல் 12 சதவீதம் வரை காணப்படுகிறது. இது அலர்ஜி வந்துவிட்டதா என்று பார்ப்பதில்லை, வர வாய்ப்பிருக்கிறதா என்று பார்ப்பது. உங்கள் அம்மாவின் விஷயத்துக்கு இது சம்பந்தமில்லாதது. ரத்தப் பரிசோதனையை நான் ஒரேயடியாக வெறுக்கிறேன் என்று நினைத்துவிடக் கூடாதே என்று சொல்கிறேன்.

உண்மையில் எனக்குப் பிடித்த பரிசோதனை ஒன்று இருக்கிறது. அதைத்தான் யாரும் எடுப்பதில்லை.

ட்ரிப்டேஸ். மாஸ்ட் செல் வெடிக்கும்போது கொட்டுகிற பொருட்களில் இதுவும் ஒன்று. அலர்ஜி தாக்கி ஒரு மணி, இரண்டு மணி நேரத்துக்குள் ரத்தத்தில் உச்சத்துக்குப் போய், பிறகு சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்துகொண்டே வரும். எனவே ரத்தம் எடுக்க வேண்டியது அந்த நேரத்தில்தான். முதலில் அட்ரினலின், உயிரைக் காப்பாற்றும் வேலைகள், அது முடிந்த கையோடு ஒரு டியூப். நாலு மணி நேரம் தாண்டினால் பயன் குறைந்துவிடும். ஆள் தேறி 24 மணி நேரம் கழித்து இன்னொரு டியூப், அவருடைய சாதாரண அளவு எவ்வளவு என்று தெரிந்துகொள்ள. சாதாரண அளவை 1.2-ஆல் பெருக்கி 2-ஐக் கூட்டுங்கள். தாக்கியபோது எடுத்தது அதை எட்டியிருந்தாலோ தாண்டியிருந்தாலோ மாஸ்ட் செல் வெடித்தது உறுதி.

இந்தக் கணக்கு ஏன் முக்கியம் என்றால், லேப் ரிப்போர்ட்டில் 11.4 நானோகிராம் வரை நார்மல் என்று அச்சாகியிருக்கும். ஒருவரின் சாதாரண அளவு 4, தாக்கியபோது 9. இரண்டுமே ‘நார்மல்’. ஆனால் 4-க்கு எல்லை 6.8, 9 அதைத் தாண்டிவிட்டது. ஒரு டியூபை மட்டும் பார்த்து “அலர்ஜி இல்லை, பயத்தில் மயங்கிவிட்டார்” என்று எழுதி அனுப்பியதை நான் பார்த்திருக்கிறேன். அந்த நோயாளியின் இரண்டாவது டியூப் எங்களிடம் வரவே இல்லை. எந்த மருந்து என்று ட்ரிப்டேஸ் சொல்லாது. நடந்தது அலர்ஜிதானா என்பதைச் சொல்லும். மயக்க மருந்து, தசை தளர்த்தி, ஆன்டிபயாட்டிக் என்று ஐந்தாறு மருந்துகள் ஒரே நேரத்தில் போகிற அறுவை அறையில், அந்த ஒரு தகவலே தங்கம். மயக்கவியல் மருத்துவரிடம் பேசும்போது, ஏதாவது ஆனால் ட்ரிப்டேஸுக்கு ரத்தம் எடுத்து வைக்க முடியுமா என்று கேட்டு வையுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டார்.

இனி அம்மாவுக்கு என்ன செய்வது?

மூட்டு மாற்று அறுவைக்கு முன்னால் கிருமி வராமல் தடுக்க வழக்கமாகப் போடுவது செஃபலோஸ்போரின் வகையைச் சேர்ந்த செஃபசோலின். பென்சிலின் அலர்ஜி என்று எழுதியிருந்தால் பலர் அதைத் தவிர்த்து, கிளிண்டாமைசினுக்கோ வான்கோமைசினுக்கோ போய்விடுகிறார்கள். அதற்கு விலை உண்டு. பாஸ்டனில் உள்ள மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் மூட்டு மாற்று உட்பட சில அறுவைகள் செய்துகொண்ட எட்டாயிரத்துக்கும் மேற்பட்டோரை ஆராய்ந்து 2018-ல் வெளியிட்டார்கள். பென்சிலின் அலர்ஜி என்று எழுதப்பட்டவர்களுக்கு அறுவைப் புண்ணில் கிருமி வரும் வாய்ப்பு சுமார் ஒன்றரை மடங்கு. காரணம், அவர்களுக்கு இரண்டாம் தர மருந்து போனது. பழைய காலத்தில் பென்சிலின் ஒத்துக்கொள்ளாதவரில் பத்தில் ஒருவருக்கு செஃபலோஸ்போரினும் ஒத்துக்கொள்ளாது என்று படித்தோம். ஆரம்பகால செஃபலோஸ்போரின்களில் பென்சிலின் துளி கலந்திருந்ததும் அந்த எண்ணிக்கைக்கு ஒரு காரணம். செஃபசோலினின் பக்கச் சங்கிலி வேறு எதனுடனும் ஒத்துப்போகாதது. கொப்புளம் வந்து தோல் உரிந்தது, உள்ளுறுப்பு கெட்டது மாதிரி கடுமையான கதை இல்லாதவரை, பென்சிலின் அலர்ஜி உள்ளவர்களுக்கும் அதைப் போடலாம் என்பதுதான் இப்போதைய அமெரிக்க வழிகாட்டுதல்.

ஆபத்து எவ்வளவு என்று மதிப்பிட ஆஸ்திரேலியாவில் உருவாக்கி 2020-ல் வெளியிட்ட பென்-ஃபாஸ்ட் என்ற எளிய மதிப்பெண் முறை இருக்கிறது. அலர்ஜி வந்தது ஐந்து வருடத்துக்குள் என்றால் 2. மூச்சுத்திணறல், முகவீக்கம் மாதிரியோ தோல் உரியும் மாதிரியோ கடுமையாக வந்திருந்தால் 2. வைத்தியம் தேவைப்பட்டிருந்தால் 1. அம்மாவுக்குத் தடிப்பு மட்டும்தான் என்றால், அன்று ஏவில் ஊசி போட்டிருந்தாலும் மொத்தம் 1. மூன்றுக்குக் கீழே வந்தால் ஆபத்து குறைவு. இப்படிப்பட்டவர்களுக்குத் தோல் பரிசோதனைகூட இல்லாமல், மருத்துவமனையில் உட்காரவைத்து வாய்வழியாகவே மருந்தைக் கொடுத்துப் பார்க்கலாமா என்று மூன்று நாடுகளில் சோதித்து 2023-ல் வெளியிட்டார்கள். நேரடியாகக் கொடுத்த பிரிவிலும், முதலில் தோலில் பார்த்துவிட்டுக் கொடுத்த பிரிவிலும் எதிர்வினை வந்தது தலா ஒருவருக்குத்தான். இதை மருத்துவர் முன்னிலையில்தான் செய்ய வேண்டும். வீட்டில் பாதி மாத்திரை கொடுத்துப் பார்க்கிற வேலையே வேண்டாம்.

நம் ஊரில் முன்கையில் போடுகிற ‘டெஸ்ட் டோஸ்’ வேறு, முறையான தோல் பரிசோதனை வேறு. முறைப்படி செய்தால் மருந்தைக் கணக்காகக் கரைத்து, முதலில் மேலாகக் குத்தி, பிறகு தோலுக்குள் செலுத்தி, பக்கத்திலேயே ஹிஸ்டமினும் உப்புநீரும் ஒப்பிட்டு, 15, 20 நிமிடம் காத்திருந்து அளக்க வேண்டும். சிரிஞ்சில் கரைத்ததை அப்படியே ஒரு துளி ஏற்றினால், அலர்ஜி இல்லாத தோலும் எரிச்சலில் சிவக்கும். சிவக்காவிட்டாலும் பாதுகாப்பு என்று அர்த்தமில்லை.

கடைசியாக ஒன்று. அந்தப் பழைய மருந்துச் சீட்டு கிடைக்குமா என்று தேடுங்கள். கிடைக்காவிட்டால் அம்மாவிடம் பொறுமையாக உட்கார்ந்து கேளுங்கள்: மாத்திரை என்ன நிறம், முதல் வேளையிலேயே தடித்ததா, எத்தனை வேளைக்குப் பிறகு, அரித்ததா, ஒரே நாளில் தடம் தெரியாமல் மறைந்ததா, அதற்குப் பிறகு எப்போதாவது தெரியாமல் அமாக்ஸிசிலின் சாப்பிட்டு ஒன்றும் ஆகாமல் இருந்திருக்கிறாரா. பல் பிடுங்கினால் ஆன்டிபயாட்டிக் மட்டும் எழுதித் தர மாட்டார்கள். கூடவே வலிக்கு டைக்ளோஃபெனாக்கோ ஐபுப்ரொஃபெனோ இருந்திருக்கும். காணாக்கடி மாதிரித் தடிப்பதற்கு அவையும் பேர்போனவை, ஆனால் பழி என்னவோ எப்போதும் ஆன்டிபயாட்டிக் மேலேயே விழும். பதினைந்து வருடமாக அம்மா அமாக்ஸிசிலினைத் தவிர்க்கிறார், சரி; வலி மாத்திரை சாப்பிட்டிருக்கிறாரா? அதற்கு நம்பகமான ரத்தப் பரிசோதனை கிடையாது, உங்கள் லேபின் பட்டியலில் அதன் பெயர் இருந்தாலும்கூட. மூட்டு அறுவை முடிந்து அவர் கண் விழித்ததும் கொடுக்கப்போவதில் பெரும்பாலும் அந்த வகை மருந்தும் இருக்கும். அலர்ஜி மருத்துவரிடம் முதலில் அதைச் சொல்லுங்கள்.